கிரியோன் தோற்றது எந்த வரியில்?

பண்டைய ஏதென்ஸில் சோக நாடகங்கள் போட்டியாகத்தான் நடந்தன. டயோனிசஸ் திருவிழாவில் மூன்று கவிஞர்கள் மோதுவார்கள், நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். கி.மு. 431-இல் ‘மெடியா’வோடு களமிறங்கிய யூரிப்பிடிஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம், அதாவது கடைசி. ஆகவே சோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யில் அப்பனும் மகனும் மோதும் காட்சியை விளையாட்டுப் பக்கத்தில் அலசினால் தப்பில்லை.

நிலவரம் இது. தீப்ஸ் நகரின் மேல் படையெடுத்து வந்து மாண்டவனை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்பது மன்னன் கிரியோனின் ஆணை. இறந்தவனின் உடன்பிறந்தாள் ஆன்டிகனி அதை மீறினாள். அவளுக்கு மரண தண்டனை. அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை ஹேமன், கிரியோனின் மகன்.

அன்றைய நடிகர்கள் முகமூடி அணிந்தவர்கள். முகபாவம் கைகொடுக்காது; தூரம், உடல் திரும்பும் திசை, குரல் இவற்றால்தான் உறவைக் காட்ட வேண்டும். அதனால் இந்தக் காட்சியை உட்கார்ந்து படிப்பதைவிட எழுந்து நின்று ஒத்திகை பார்ப்பதே மேல். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆளுக்கொரு பக்கம் நிறுத்துங்கள். சொன்ன வரி பலித்தது என்று தோன்றினால் ஓரடி முன்னே, அடி வாங்கினால் ஓரடி பின்னே. அவ்வளவுதான் விதி.

முதலில் இருவருக்கும் தலா நாற்பது வரிகள் போல நீண்ட பேச்சு. கிரியோன் கீழ்ப்படிதலின் பெருமை பேசுகிறான். ஹேமன் பணிவாகவே, ஊர் மறைவில் முணுமுணுப்பதைச் சொல்கிறான். இருவர் சொல்வதும் சரி என்கிறது முதியோர் கோரஸ். இதுவரை யாரும் நகர வேண்டியதில்லை. பிறகுதான் வரிக்கு வரி பதிலடி, ஏறக்குறைய முப்பது வரிகள். இந்தச் சின்னப் பயலிடமா நாங்கள் பாடம் படிப்பது என்று கிரியோன் வயதை இழுக்கிறான். வாதத்துக்குப் பதில் இல்லாதவன் எடுக்கும் ஆயுதம் அது. சில வரிகளிலேயே மகன் அதைத் திருப்பி வீசுகிறான்: இப்போது சின்னப் பையனைப் போலப் பேசுவது நீங்கள்தான். கபடியில் பாடிப் போனவன் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு மீள்வது போன்ற கச்சிதம்.

ஆனால் ஆட்டம் கைமாறுவது அங்கே இல்லை என்பது என் கணிப்பு. அடுத்துச் சற்று நேரத்தில் கிரியோன், இவன் அந்தப் பெண்ணுக்காகச் சண்டை போடுகிறான் போலிருக்கிறது என்கிறான். கவனியுங்கள், ‘நீ’ இல்லை, ‘இவன்’. மகனிடம் பேசிக்கொண்டிருந்தவன் கோரஸ் பக்கம் திரும்பிவிட்டான். ஒத்திகையில் கிரியோனாக நிற்பவரின் தோள் அந்த வரியில் தானாகவே திரும்பும். கோட்டைத் தாண்ட ஹேமனுக்கு வழி கிடைப்பது அப்போதுதான். நான் கவலைப்படுவது உங்களுக்காக என்று அவன் சொல்லும்போது, கேட்க வேண்டியவரின் முதுகுதான் எதிரே இருக்கிறது.

நாடகப் பட்டறைகளில் பலருக்கும் பிடித்த இன்னொரு பயிற்சி, பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. இந்த நாடகத்துக்கு அதை நான் அளவோடுதான் சிபாரிசு செய்வேன். ஹேமனை உட்காரவைத்தால் ஐந்தே நிமிடத்தில் காதல் நினைவுகளைக் கொட்டத் தொடங்குவார். மூலத்தில் அவன் அப்பனிடம் காதலைப் பற்றி மூச்சே விடுவதில்லை. அவன் போன பிறகு கோரஸ்தான் காதலின் வலிமையைப் பாடுகிறது. அவனும் ஆன்டிகனியும் பார்வையாளர் முன் ஒரு தடவைகூடச் சந்திப்பதில்லை. மூன்றே நடிகர்கள் பேசும் பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்ட அரங்கில், இருவரையும் ஒரே நடிகர் செய்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

காட்சி முடிவில் ஹேமன், இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று வெளியேறுகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் கிரியோன் ஓரங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த சில வரிகளை இயக்குநர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். இரண்டு பெண்களையுமா கொல்லப் போகிறீர்கள் என்று கோரஸ் கேட்கிறது. சடலத்தைத் தொடாதவளை இல்லை, நல்லவேளை கேட்டீர்கள் என்கிறான் கிரியோன். ஆன்டிகனியோடு தண்டனைக்கு உள்ளாகவிருந்த அவள் தங்கை இஸ்மீன் தப்புகிறாள். சாக்பீஸ் கோட்டின் அந்தப் பக்கம் காலியாக இருந்தாலும், கிரியோனாக நடிப்பவர் இந்த வரியில் ஓரடி பின்னே வைத்தாக வேண்டும்.