எகிப்தியர் என்ற அளவுகோல்

தமிழகக் கடலோரக் கீழ்புத்துப்பட்டுக்குத் தெற்கே அரிக்கமேடு, வடக்கே மரக்காணம். கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதியதாகக் கருதப்படும் ‘பெரிப்ளூஸ்’ நூலின் பொதுகா, சோபட்மா ஆகிய துறைகளை ஆய்வாளர் பலர் இவ்விரு ஊர்களோடும் பொருத்துவார்கள். ஆனால் நம்மவர் நிறத்தைக் கிரேக்கர் எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால், பெரிப்ளூஸ் அல்ல, அரியனின் ‘இண்டிகா’தான் முதலில் எடுத்துக்காட்டப்படும். தென்னாட்டு இந்தியர் எத்தியோப்பியரைப் போலக் கறுத்தவர்கள், ஆனால் அவ்வளவு சப்பை மூக்கோ சுருட்டை முடியோ இல்லாதவர்கள். வடநாட்டவர் எகிப்தியரைப் போன்றவர்கள் என்கிறது அது. ஸ்ட்ராபோவும் ஏறக்குறைய அப்படியே எழுதுகிறார். இந்த வரிகளை வைத்து நம் பூர்வீகத்தைத் தீர்மானிக்க முற்படுவது தவறு என்பதே என் வாதம். இவை ஒப்புமைகள், வம்சாவளி இவற்றில் இல்லை.

முதலில், அளவுகோலாக வைக்கப்பட்ட எகிப்தியரைப் பார்க்க வேண்டும். கருங்கடலோரத்துக் கொல்கியர் எகிப்திய வழியினர் என்று வாதிடும் ஹெரடோட்டஸ், அவர்கள் ‘மெலங்க்ரோயெஸ்’, சுருள்முடியினர் என்கிறார். 1974இல் கெய்ரோவில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் செனகல் அறிஞர் ஷேக் அந்தா தியோப் எகிப்தியர் கறுப்பினத்தவர் என்று வாதிட்டபோது, இந்தச் சொல்லும் அவருடைய சான்றுகளில் ஒன்று. கறுப்பர் என்று அவர் பெயர்த்ததை மாநிறத்தவர் என்று பெயர்ப்பவர்களும் உண்டு. ஒடிசி காவியத்தில் கிழவன் வேடம் நீங்கி ஒடிசியூஸ் மீண்டும் மெருகேறும் இடத்திலும் இச்சொல்லின் இன்னொரு வடிவம்தான் வருகிறது. அவனை யாரும் ஆப்பிரிக்கன் என்பதில்லை. இதைவிட முக்கியமானது ஹெரடோட்டஸ் அடுத்துச் சொல்வது. நிறமும் முடியும் எதையும் நிறுவாது, வேறு மக்களும் அப்படி இருக்கிறார்களே என்று தம் சான்றைத் தாமே தள்ளிவிட்டு, விருத்தசேதன வழக்கத்தையும் லினன் துணி நெசவையும் மொழியையும் முன்வைக்கிறார். இரு தரப்பும் மேற்கோள் காட்டும் பத்தியிலேயே இரு தரப்புக்கும் மறுப்பு இருக்கிறது.

எஸ்கிலஸின் ‘அடைக்கலம் வேண்டுவோர்’ நாடகத்திலும் இதே நிலைதான். நைல் கரையிலிருந்து ஆர்கோஸுக்கு ஓடிவந்த கறுத்த பெண்களைப் பார்த்து, லிபியரா, எகிப்தியரா, ஒட்டகம் ஏறும் இந்தியப் பெண்களா என்று தடுமாறுகிறான் அரசன். ஆனால் ஆர்கோஸின் ஐயோ என்பவளின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று அவர்கள் தலைமுறைக் கதையைச் சொன்னதும் உறவை ஏற்கிறான். நிறம் அவனுக்கு ஐயத்தைத் தந்தது. தீர்ப்பைத் தந்தது கதை. நிறத்துக்குக் காரணம் தேடியவர்களும் உண்டு. கருவிலிருக்கும் பிள்ளையை வெயில் தொடுவதில்லையே, ஆகவே தண்ணீர்தான் காரணம் என்றான் அலெக்சாந்தருடன் வந்த ஒனெசிக்ரிட்டஸ். காரணம் வெயில்தான், அதை வித்து கடத்துகிறது என்று ஸ்ட்ராபோ மறுத்தார். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர் வெயிலில் கறுப்பதும், அவர் பிள்ளை பிறக்கும்போதே மாநிறமாய் இருப்பதும் மரக்காணத்தார் அறிந்ததே. ஒனெசிக்ரிட்டஸும் ஸ்ட்ராபோவும் மோதியது இந்தக் கேள்வியில்தான்.

கிரேக்கரிடம் நிற இழிவே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் முகக்குறி நூல், மிகக் கறுத்தவர்கள் கோழைகள் என்று சொல்லி எகிப்தியரையும் எத்தியோப்பியரையும் காட்டுகிறது. மிக வெளுத்தவர்களும் கோழைகள் என்று பெண்களைக் காட்டுகிறது. கிரேக்க ஆணை நடுவில் நிறுத்திய ஆணவம் இது. ஆனால் உலகத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இனங்களாகப் பிரித்த பிற்கால அறிவியல் இதில் இல்லை.

அரியன் தெற்கையாவது நேரில் கண்டவர்களைக் கேட்டு எழுதினாரா என்றால், அதுவும் இல்லை. அவர் சான்றாகக் கொண்டவர்களில் ஒருவனான, அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் கி.மு. 325இல் சிந்து முகத்துவாரத்திலிருந்து மேற்கே கப்பல் செலுத்தியவன். இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வெயில் கூடக் கூடக் கறுப்பு கூடும் என்ற கணக்குதான் ‘வடக்கு எகிப்து, தெற்கு எத்தியோப்பியா’ என்ற வாய்ப்பாட்டுக்கு அடிப்படை என்று நினைக்கிறேன். பெரிப்ளூஸ் அந்த வாய்ப்பாட்டில் அடங்கவில்லை. உயரமானவர்கள், கறுத்தவர்கள் என்று அது சொல்வது குஜராத் கடலோரத்தாரை. பொதுகாவுக்கும் சோபட்மாவுக்கும் வரும்போது மக்கள் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெரிய மரங்களைக் குடைந்து ஒன்றோடொன்று பிணைத்த ‘சங்கரா’, கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் ஓடிய ‘கொலாந்தியா’ என்று இந்தத் துறைகளில் நின்ற கலங்களின் பெயர்களைத்தான் அந்த வணிகர் குறித்துவைத்திருக்கிறார்.