பதவி மாற்றமும் துறை உருவாக்கமும்: தனிநாயகம் அடிகளாரை முன்வைத்து

தனிநாயகம் அடிகளாரின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய உலகப் பயணங்களை விரித்துரைக்கின்றனர். வகித்த பதவிகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியது தமிழ்த் துறையில் அன்று, கல்வித் துறையில். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குச் சென்ற பின்னரே ஆய்வுக்கும் அமைப்புப் பணிக்கும் ஒரே இருக்கை வாய்த்தது. 1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தன் முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டியதை இப்பதவி மாற்றத்தை விலக்கி விளக்க இயலாது. தமிழ்ப்பற்று என்னும் ஒற்றைச் சொல் (அப்பற்றை ஐயுறுவார் எவருமிலர்) இதனை மறைத்துவிடுகிறது. 1952 முதல் அவர் நடத்திய ‘தமிழ் கல்ச்சர்’ இதழின் பதிப்புழைப்பை இன்றைய பதவி உயர்வுப் புள்ளிக் கணக்கில் எத்தலைப்பின்கீழ்ச் சேர்ப்பது? இவ்வினாவை எழுப்பவேனும் அடுத்த வரலாற்றாசிரியர் பயணக் குறிப்புகளோடு நியமனக் கோப்புகளையும் திறத்தல் வேண்டும்.