பில் நம்முடையது, தலையாட்டல் அவர்களுடையது

சரக்கு போயாச்சு, பில்லும் போட்டாச்சு. பணம் மட்டும் 90 நாள் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள சம்பளம், கரண்ட் பில், மூலப்பொருள் எல்லாம் வரிசையா நிற்கும். பணம் வந்ததோ இல்லையோ, அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். இதுக்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் பில் டிஸ்கவுண்டிங். வராத பணத்தைக் காட்டி, கொஞ்சம் வட்டி கழித்து, இன்றே பணம் வாங்கிக்கொள்வது.

புதுசு ஒன்றுமில்லை. நகரத்தார் உண்டியல் காலத்திலேயே இருந்த தந்திரம்தான். இதை இணையத்துக்குக் கொண்டுவர ரிசர்வ் வங்கி 2014-ல் வகுத்த ஏற்பாடு ட்ரெட்ஸ். 2017 முதல் நடக்கிறது. சிறு தொழில்காரர் பில்லை ஏற்றுவார். வாங்கிய கம்பெனி 'சரி' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வங்கிகள் போட்டி போட்டு வட்டி கேட்கும். சொத்து அடமானம் வேண்டாம். கம்பெனி கடைசியில் பணம் கட்டாவிட்டாலும் வங்கி சிறு தொழில்காரரைத் துரத்த முடியாது. இது நிஜமாகவே நல்ல அம்சம், மறுக்கவில்லை.

என் சிக்கல் அந்த 'சரி'யில்தான் இருக்கிறது.

2018-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்தே ஆகணும் என்றார்கள். 2024-ல் அந்த வரம்பை 250 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் கட்டாயம் பதிவுக்குத்தான். பில்லுக்குத் தலையாட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவியை மட்டும் பாக்கி வைத்தவர் கையிலேயே கொடுத்தது மாதிரி.

இரண்டாவது, செலவு யாருடையது? 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால், வாங்கியவர் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? பத்து லட்ச ரூபாய் பில்லை 90 நாளுக்கு 9 சதவீதத்தில் டிஸ்கவுண்ட் செய்தால் சுமார் 22,000 ரூபாய் போகும். அது விற்றவர் தலையில் விழுந்தால், தாமதித்தவருக்குப் பதிலாகத் தாமதத்தால் தவித்தவர் வட்டி கட்டுகிறார். வழக்கு போடலாமே என்பீர்கள். அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியில்தானே வாங்கணும்?

வழி அதே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம் என்கிறது அது. அந்த விதியை அப்படியே ட்ரெட்ஸுக்கும் கொண்டு வரட்டும். 15 நாள் மௌனம் காத்தால் பில் தானாக ஏலத்துக்குப் போகட்டும்.

அதுவரை இதை மூலதனம் என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம பணத்தை நாமே வட்டிக்கு வாங்குகிறோம், அவ்வளவுதான்.