அடைப்பதற்கு முன் கழுவ வேண்டும்

பல் மருத்துவமனைப் பலகைகளில் ‘ரோட்டரி முறை’, ‘ஒரே சிட்டிங்கில் ரூட் கெனால்’ என்ற வரிகள் பெரிதாகத் தெரிகின்றன. வேருக்குள் எந்தத் திரவத்தை எவ்வளவு நேரம் விட்டுக் கழுவுவார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சிகிச்சையின் தலைவிதி பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் எலிகளின் பல்லைத் துளைத்து உள்ளிருக்கும் கூழைத் திறந்து விட்டார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கு, உணவுத் துணுக்குகள் அடைத்தும் கூழ் சாகவில்லை. துளையின் மேல் பல்லின் கடினத் திசுவான டென்டின் புதிதாக வளர்ந்து மூடியது. சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் பிடித்தது. ஆக, ரூட் கெனாலின் முதல் வேலை கிருமியை வெளியேற்றுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரோட்டரி முறையில் வேர்க் கால்வாயைக் குடையும் கருவியான, 1988இல் அறிமுகமான நிக்கல்–டைட்டானியம் ஃபைல் உண்மையான முன்னேற்றம். பழைய எஃகு ஃபைல் வளைந்த வேரிலும் நேராகப் போகப் பார்த்துச் சுவரைக் கெடுக்கும். இது வளைவோடு வளைந்து செல்லும். ஆனால் பலமுறை சுழன்று களைத்த ஃபைல் முன்னறிவிப்பின்றி உள்ளேயே முறியும். இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. ஃபைல் வட்டமாகக் குடைகிறது; கால்வாயோ தட்டையாக, கிளைவிட்டு ஓடுகிறது. ஓவ் பீட்டர்ஸ் குழு மேல் கடைவாய்ப் பற்களை மைக்ரோ சிடியில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவின்படி, எந்த முறையில் குடைந்தாலும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் தொடாமலே இருந்தது.

அந்த மிச்சத்தை எட்டக்கூடியது திரவம்தான். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ வேதியியலர் டேக்கின் பயன்படுத்திய சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு இன்றும் நிகரில்லை. கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவையும் அது கரைக்கிறது. குடையும்போது சுவரில் அப்பும் தாதுப் படலம் மட்டும் அதற்கு மசியாது. அதை நீக்க 17 சதவீத இ.டி.டி.ஏ. வேண்டும். ஆபத்தும் உண்டு. வேர் நுனியைத் தாண்டி ஹைப்போகுளோரைட் பீய்ச்சப்பட்டால் கடும் வலியும் வீக்கமும் உடனே வரும். இந்தப் பயத்தில் குளோர்ஹெக்சிடினோடு நிறுத்திக்கொள்வது சரியான மாற்றல்ல. அது கிருமியைக் கொல்லும், திசுவைக் கரைக்காது. பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்கு முன்பே நிறுத்தி, அழுத்தாமல், தாராளமாகக் கழுவுவதே வழி. அதற்கு ரப்பர் டேம் வேண்டும். 1864இல் பார்னம் கண்டுபிடித்த இந்த எளிய ரப்பர் விரிப்பு எச்சிலை உள்ளே விடாது, மருந்தை வாய்க்குள் விடாது. இதற்குப் பதில் பஞ்சை வைத்துச் சமாளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே சிட்டிங் தன்னளவில் குற்றமல்ல. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், ஒரு சிட்டிங்குக்கும் பலவற்றுக்கும் ஆறுவதில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அவசரத்தில் கழுவும் நேரம் சுருங்குவதே என் கவலை.

அடைக்கும் பொருளுக்கு வருவோம். மலாய்க் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா 19ஆம் நூற்றாண்டிலிருந்து பல்லில் இருக்கிறது. இன்றைய குச்சியில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. சுவரோடு அது ஒட்டாது என்பது குறை. மறுசிகிச்சை தேவைப்பட்டால் இளக்கி எடுத்துவிடலாம் என்பது பெரிய நிறை. ஒட்டும் என்ற வாக்குறுதியோடு 2004 வாக்கில் வந்த ரெசிலான் உள்ளேயே சிதைந்து, பின்னர் சந்தையை விட்டே போனது. 1993இல் டொராபினெஜாட் குழு அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற சிமென்ட் ஈரத்திலேயே இறுகும், வேரில் விழுந்த ஓட்டையை அடைக்க அதைப் போல வேறில்லை. ஆனால் முன்பல்லை நிறம் மாற்றும், இறுகிய பின் எடுப்பது கடினம். அந்த வழியில் வந்த, குச்சிக்கும் சுவருக்கும் இடையை நிரப்பும் பயோசெராமிக் சீலர்களை நான் மதிக்கிறேன். கட்டாபெர்ச்சாவுக்குப் பின்னால் நிற்கும் நீண்ட காலச் சான்று அவற்றுக்கு இன்னும் சேரவில்லை.

மேல் மூடியைப் பற்றி ஆய்வாளர்களிடையே பிணக்கு உண்டு. 1995இல் ரே, ட்ரோப் இருவரும், வேர் அடைப்பைவிட மேல் அடைப்பின் தரமே வேர் நுனியின் நலத்தோடு அதிகம் பொருந்துகிறது என்றார்கள். 2000இல் ட்ரான்ஸ்டாட் குழு வேர் அடைப்பே முக்கியம் என்றது. இரண்டில் எது சரியானாலும், வலி போனதும் தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விடப்படும் கடைவாய்ப்பல் கசியும், பிளக்கவும் செய்யும். கேப்புக்கான பணத்தைத் தனிக் கணக்காகப் பிறகு சொல்வதால்தான் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். முதல் நாளே சிகிச்சை, கேப் இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லிவிடலாம்.