சிலம்பும் மாதரியும்: நம் பிள்ளைகளோடு ஒரு மறுவாசிப்பு

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னை மடக்கிவிட்டான். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணகி சிலம்பை உடைத்தாள், உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது என்று சொல்லிச் சற்று நிறுத்தினேன். அந்த இடத்தில் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். இவன் கேட்டான்: "அங்கிள், பார்த்தாலே தெரியாதா? எதுக்கு உடைக்கணும்?"

கேள்வி சரியான கேள்விதான். புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கால் நகை என்றால் அவன் அறிந்தது லக்ஷ்மி ரோட்டுக் கடைகளில் தொங்கும் பைஞ்சண். அதில் சலங்கை மணிகள் வெளியே தெரியும். யாருடையது, எத்தனை மணி என்று எட்ட நின்றே சொல்லிவிடலாம். சிலம்பு அப்படியல்ல. உள்ளே கூடாக இருக்கும் தடித்த வளையம் அது. ஒலி எழுப்பும் பரல்கள் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். நடந்தால் காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. பரல் முத்தா மாணிக்கமா என்பது செய்தவனுக்கும் உடையவளுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாக இந்த விளக்கம் இல்லாமலே 'சிலம்பு நீதியின் குறியீடு' என்று பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டு வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூட நோட்ஸ்களில் இப்படித்தான் இருக்கும். கருப்பொருள் மூன்று, முக்கியப் பாத்திரங்கள் நான்கு, குறியீடு ஒன்று. மூன்று கருப்பொருள்களும் பதிகத்திலிருந்து எடுத்தவை. அரசன் தவறினால் அறமே அவனைக் கொல்லும். கற்புடைய பெண்ணைப் பெரியோர் போற்றுவர். முன்செய்த வினை வந்தே தீரும். இவை தவறு என்று நான் சொல்லவில்லை. காப்பியமே வாசலில் எழுதி வைத்திருப்பவை. ஆனால் வாசலில் உள்ளதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிடுகிறோம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி 1892-இல் இந்நூலைப் பதிப்பித்தார். மூன்று காண்டங்கள், முப்பது காதைகள். அவ்வளவையும் மூன்று வரி விடைக்குள் அடக்குவது அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

ஒரு பொருள் குறியீடாக இருக்கிறது என்று சொன்னால், கதையில் அது எங்கெல்லாம் போகிறது, யார் கைக்கு வரும்போது என்னவாக மாறுகிறது என்று பின்தொடர வேண்டும். கண்ணகியின் சிலம்பை நாம் முதலில் நின்று கவனிக்க வேண்டிய இடம் அந்திமாலைச் சிறப்புச் செய் காதை. அங்கே சிலம்பு இல்லை! கோவலன் மாதவியிடம் போய்விட்டான். கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்கிறார் இளங்கோவடிகள். பெயருக்குக் காரணமான நகை, காணாமல் இருப்பதன் வழியாகவே நமக்கு அறிமுகமாகிறது. அதன்பின் கோவலன் செல்வமெல்லாம் கரைந்து வெட்கத்தோடு வீடு திரும்புகிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் தேடித்தான் வந்திருக்கிறான் என்று எண்ணி, சிலம்பு இருக்கிறது என்கிறாள் கண்ணகி. இந்த இடத்தில் சிலம்பு பொறுமையா, கையாலாகாத்தனமா, உள்ளே அடைத்து வைத்த கோபமா? பிள்ளைகளைக் கேளுங்கள், மூன்று பதிலும் வரும். எனக்கும் இன்றுவரை முடிவாகவில்லை.

கோவலனுக்கோ அது முதல். மதுரைக்குப் போய் அதை விற்று வியாபாரம் தொடங்கலாம் என்கிறான். இருவரும் யாருக்கும் சொல்லாமல் விடியுமுன் புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். நம் வாசகர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியதில்லை. கடகி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் ராஸ்தா பேட்டைச் சந்துகளிலும் வாழ்வைத் தொடங்கிய முந்தைய தலைமுறையில், மனைவியின் நகையை நம்பி ரயிலேறிய குடும்பங்கள் எத்தனை! பிழைப்புத் தேடி வேற்றூர் போன ஒரு தம்பதியின் கதை என்றே சிலப்பதிகாரத்தின் நடுப்பகுதியைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் கொலைக்களக் காதையின் திகில் வேறு மாதிரி இருக்கும்.

கோவலன் ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான். எதிரே பொற்கொல்லன். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன் அவனே. அரசனோ ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில் இருக்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். விசாரணை இவ்வளவுதான். காவலர்களில் ஒருவனுக்கு மனம் ஒப்பவில்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறான். உடனே பொற்கொல்லன், திருடர்கள் மந்திரம், மருந்து, காலம், இடம் என்று எட்டு வகை உபாயங்களால் தொழில் செய்கிறவர்கள் என்று நீண்ட பாடம் நடத்துகிறான். கடைசியில் ஒரு முரடன் வாளை வீசிவிடுகிறான். இரண்டு சிலம்பும் வெளியே ஒன்றுபோல் இருந்தன என்பது மட்டும் காரணமில்லை. கோவலனைத் தெரிந்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. புகாரில் இவன் மாசாத்துவான் மகன். இங்கே இவன் சிலம்பு வைத்திருக்கும் ஒரு ஆள். உள்ளே இருப்பது தெரியாத நகையும் உள்ளே இருப்பது தெரியாத மனிதனும் ஒரே கடைத்தெருவில் நிற்கிறார்கள்.

அதனால்தான் அரசவையில் கண்ணகி முதலில் சிலம்பைப் பற்றிப் பேசவில்லை. யார் நீ என்ற கேள்விக்கு ஊரைச் சொல்லித் தொடங்குகிறாள். புறாவுக்காகத் தன் உடம்பை அறுத்த சோழன், பசுவின் கன்றுக்காக மகனைத் தேரிலிட்ட சோழன் இருவரையும் சொல்லி, அந்தப் புகார் என் ஊர் என்கிறாள். பிறகு மாமனார் பெயர், கணவன் பெயர், கடைசியில் தன் பெயர். வீட்டு வாடகைக்குப் போனால் நாம் நேட்டிவ் பிளேஸ் சொல்லவில்லையா, அதே வரிசை! அதன் பிறகுதான் பரல் பற்றிய பேச்சு. தன் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள் அவள். தங்களுடையதில் முத்து என்று பாண்டியனே ஒப்புக்கொள்கிறான். உடைப்பதற்கு முன்பே வழக்கு பாதி முடிந்துவிட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதன்முதலாக ஒருவன் நின்று கேட்டான், கேட்டதும் தெரிந்துவிட்டது. காலையிலே கேட்டிருந்தால் இந்தக் காப்பியமே இல்லை.

பாத்திரப் படைப்புக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நாம் வாழும் ஊரிலேயே நமக்கு ஒரு நல்ல ஆசிரியை இருந்தார். டெக்கன் கல்லூரியில் பணியாற்றிய ஐராவதி கார்வே (1905–1970). அவரும் வெளியூரில், பர்மாவில் பிறந்தவர்தான். ஐராவதி ஆற்றின் பெயரே அவர் பெயர். மகாபாரதப் பாத்திரங்களை ஒவ்வொருவராக எடுத்து மராத்தியில் அவர் எழுதிய 'யுகாந்த' 1968-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பண்டார்க்கர் நிறுவனத்தார் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த திருத்தப் பதிப்பை ஆதாரமாகக் கொண்டு, இவர்கள் தெய்வங்கள் அல்ல, மனிதர்கள் என்று பார்த்தவர் அவர். காந்தாரியின் கண்கட்டைப் பதிபக்தி என்று வணங்கிவிட்டுப் போகாமல், அதற்குள் இருக்கும் கோபத்தைத் தேடுகிறார். பள்ளியில் மராத்தி படிக்கும் நம் பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களானதும் இதை நேராகவே படிக்கலாம். படித்துவிட்டுச் சிலம்புக்கு வந்தால், கண்ணகியைக் கற்புக்கரசி என்ற ஒரே சொல்லில் நிறுத்தமாட்டார்கள்.

ஆனால் நான் பிள்ளைகளிடம் கேட்கும் பாத்திரம் கண்ணகி அல்ல, மாதரி. பரீட்சையில் மாதரியைப் பற்றிக் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. மதுரைப் புறஞ்சேரியில் இருந்த ஆயர்குலத்து முதியவள் அவள். இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில், கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். முன்பின் தெரியாத பெண். மாதரி கேள்வி கேட்கவில்லை. தனியாக ஒரு சிறு வீடு ஒழித்துத் தருகிறாள். இவர்கள் நோன்பிருக்கும் குடும்பம், தங்கள் கையால் சமைத்துத்தான் உண்பார்கள் என்று புரிந்துகொண்டு புதுப் பாத்திரங்கள் வாங்கித் தருகிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளை, மாங்கனி, வாழைப்பழம், அரிசி, பால் எல்லாம் வந்து இறங்குகின்றன. தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனார் முறையாக்கி உதவிக்கு நிறுத்துகிறாள். வந்த மறுநாளே ஓர் உறவுமுறை கிடைத்துவிடுகிறது. கோவலன் இலையில் உட்கார்ந்து உண்ட கடைசிச் சாப்பாடு அந்த அரிசியில் ஆனது.

புகாரின் மாளிகையில் கண்ணகிக்குக் கிடைக்காத நிம்மதி அந்த இடைச்சேரிக் குடிசையில் அரை நாள் கிடைக்கிறது என்பது என் கருத்து. பிறகு மாதரி என்ன ஆனாள்? நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லிப் போகும் செய்திகளில் அது ஒன்று. அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் பாய்ந்துவிட்டாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். அரசன் தன் தவற்றுக்குச் செத்தான். இந்த இரண்டு பெண்களும் பிறர் தவற்றுக்குச் செத்தார்கள். அறம் என்பது அரசனோடு முடிகிற விஷயமாக இளங்கோ நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓர் இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நூலின் முன்னுள்ள உரைபெறு கட்டுரையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான், மழை பெய்தது என்று வருகிறது. ஒருவன் செய்த திருட்டுக்கு ஆயிரம் பேர். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பேன். கோவலனை ஆள் தெரியாமல் வெட்டியதற்கும் ஆயிரம் பேரைத் தொழிலைப் பார்த்து வெட்டியதற்கும் வித்தியாசம் என்ன என்று அவர்களே கேட்கட்டும். 'இந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்' என்ற பேச்சை வெளியூரில் ஒருமுறையாவது காதால் கேட்டவர்கள் நாம். இந்தக் கேள்வியைக் கேட்க நம் பிள்ளைகளுக்குத் தகுதி அதிகம்.

போன மாதம் வகுப்பில் மாதரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் எழுதவில்லை, வழக்கம்தான். பைஞ்சண் பையன் அந்தக் காய்கறிப் பட்டியலை மட்டும் அழகாகப் படம் போட்டுக் கொண்டுவந்தான். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கீழே பென்சிலில், அம்மா போன பிறகு ஐயை யார் வீட்டில் இருந்தாள் என்று கேட்டிருந்தாள். தேவந்தி முதலானோர் புகாரிலிருந்து மதுரைக்கு வந்தபோது அவர்களோடு சேர்ந்து ஐயையும் சேரநாடு வரை போகிறாள், வஞ்சியில் கண்ணகியின் சிலை முன்னே நிற்கிறாள். அடுத்த வாரம் வாழ்த்துக் காதையை எடுக்க வேண்டும்.