நாள் குறிக்காமல் தீர்க்கதரிசனம் படிப்பது எப்படி?

புது வருஷ ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி இடம்பிடிக்கும். வேலை, கல்யாணம், விசா என்று அவரவர் எதிர்பார்ப்பை அதன்மேல் ஏற்றிக்கொள்வோம். இன்னொரு பக்கம், மத்திய கிழக்கில் குண்டு விழுந்தால் போதும். எசேக்கியேலும் தானியேலும் வரைபடங்களோடு யூடியூபுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு பழக்கத்திலும் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது: இந்த வார்த்தை முதலில் யாரிடம், எதற்காகச் சொல்லப்பட்டது? அதைக் கேட்டுவிட்டுப் படித்தால் தீர்க்கதரிசனத்தின் சுவையே வேறு.

முழு அதிகாரத்தையும் படியுங்கள்

29:11 ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் யோயாக்கீனையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் உடைத்துப் போடுகிறான். கூட்டத்துக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அங்கேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கச் சொல்கிறார். சிறைபிடித்தவர்களின் நகரத்துக்காகவே ஜெபிக்கவும் சொல்கிறார்.

கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குக் கிடைத்தது பேரப்பிள்ளைகளின் காலத்தில் பலிக்கப்போகும் நம்பிக்கை. பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் யோயாக்கீனுக்கும் அவன் மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. அந்த நாட்டில் யூதர்கள் நிலம் பயிரிட்டதையும் வரி கட்டியதையும் வேறு பலகைகள் காட்டுகின்றன. இந்தப் பின்னணியோடு அதே வசனத்தைப் படித்துப் பாருங்கள். அதன் கனம் கூடியிருக்கும்.

நிபந்தனையைத் தேடுங்கள்

எரேமியா 26-ஆம் அதிகாரத்தில் ஒரு விசாரணை நடக்கிறது. ஆலயம் அழியும் என்று சொன்ன எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள் ஆசாரியர்கள். அப்போது மூப்பர்கள் சிலர் எழுந்து, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் மீகாவும் இதையேதான் சொன்னார் என்று நினைவூட்டுகிறார்கள். அன்று எசேக்கியா ராஜா மீகாவைக் கொல்லவில்லை, கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான், ஆபத்து விலகியது. சொன்னது நடக்கவில்லையே என்று மீகாவை யாரும் பொய்யர் ஆக்கவில்லை. கேட்டவன் மனம் திரும்பியதால், சொன்னதன் நோக்கம் நிறைவேறிவிட்டது.

18-ஆம் அதிகாரத்தின் குயவன் வீட்டுக் காட்சி இதை விதியாகவே வைக்கிறது: ஒரு ஜாதி திரும்பினால் தேவனும் தம் தீர்ப்பை மாற்றுவார். நினிவே திரும்பியபோது கோபித்துக்கொண்டவர் யோனா மட்டும்தான். நாள் குறிப்பவர்கள் தவறவிடுவது இந்த நிபந்தனையைத்தான். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள், தானியேலின் எண்களைக் கூட்டிக் கழித்து, 1844 அக்டோபர் 22 அன்று இயேசுவின் வருகைக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள்.

வாய்விட்டுப் படியுங்கள்

தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் கவிதையில் பேசினார்கள். ஓர் அடி சொன்னதை அடுத்த அடி வேறு சொற்களில் சொல்லி அழுத்தம் கூட்டும். காதால் கேட்டால்தான் அந்தக் கட்டு புலப்படும். ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களை உரக்கப் படியுங்கள். தெற்கே தெக்கோவாவிலிருந்து வட நாட்டுக்கு வந்த மேய்ப்பர் அவர். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று பகை நாடுகளை ஒரே மாதிரித் தொடக்கத்தோடு ஒவ்வொன்றாகக் கண்டிக்கிறார். அடுத்து யூதா. தலையாட்டிக்கொண்டிருக்கும் இஸ்ரவேலரிடம், அதே தொடக்கத்தோடு, கடைசியாகத் திரும்புகிறார். ஏழையைச் செருப்பு விலைக்கு விற்றவர்கள் அவர்களே. அதுவரை நாமும்தான் தலையாட்டியிருப்போம்.

இயேசு வாசித்ததைக் கவனியுங்கள்

கிறிஸ்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் இயேசுவில் வந்து சேர்கிறது. அவர் அதை எப்படி வாசித்தார் என்பது லூக்கா 4-இல் இருக்கிறது. நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து, ஏழைகளுக்கான நற்செய்தி அன்றே நிறைவேறிற்று என்றார். ஊரார் ஆச்சரியப்பட்டார்கள். எலியா அனுப்பப்பட்டது சாரெபாத்தின் அந்நிய விதவையிடம், எலிசா குணமாக்கியது சீரியனான நாகமானை என்று அவர் தொடர்ந்ததும், அதே ஊரார் அவரை மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். வாக்குத்தத்தம் தங்களோடு நிற்காமல் அந்நியருக்கும் போகும் என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. இன்று நாம் கேட்கும் பிரசங்கத்தையும் இதை வைத்துச் சோதிக்கலாம்: நம் எதிரிகளுக்கு அழிவும் நமக்கு ஆசீர்வாதமும் மட்டுமே அதில் இருந்தால், அது அனனியாவின் பக்கம் சாய்கிறது.

ஆரம்பிக்க ஆமோஸ் போதும். ஒன்பதே அதிகாரங்கள், ஒரே அமர்வில் முடியும். யார் கண்டிக்கப்படுகிறார்கள், என்ன செய்யச் சொல்கிறார் என்ற இரண்டையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். குறைந்த மரக்கால், கள்ளத்தராசு, லஞ்சத்துக்கு விலைபோகும் நீதி என்று பட்டியல் நீளும். அவற்றுள் நம் கையில் இருப்பது எது என்று பார்த்துச் சரிசெய்ய எந்த வருஷக் கணக்கும் தேவையில்லை.