காவியைக் கண்டார், கல் சுமந்தாரைக் காணார்!

“வெள்ளைக்காரனே வந்து வணங்கிய நாடு இது! அவனிடம் இயந்திரம் இருக்கலாம். ஞானம் நம்மிடம்தான் இருக்கிறது! நாம் சொல்லவில்லை, அவனே எழுதி வைத்திருக்கிறான்!”

கம்பம் பள்ளத்தாக்கில், ஓர் ஊர் விழா மேடையில், அண்மையில் ஒருவர் இவ்விதம் முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டிய கைகளில், நாம் வகுப்பறையில் நாள்தோறும் காணும் இளங்கைகளும் இருந்தன. அதுதான் நம்மை உறுத்திற்று. மேனாட்டு நாகரிகம் நம்மைக் கெடுத்துவிட்டது என்று பேச்சைத் தொடங்கியவர், நம் பெருமைக்குச் சான்று தேடும்போது மட்டும் அந்த மேனாட்டானின் ஏட்டைத்தான் தூக்கிப் பிடித்தார்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்து சென்றவர்கள் எழுதிய பயண நூல்களின் பெயர்களை அடுக்கினார். அவற்றை அவர் படித்தாரா என்று கேட்க அங்கு வழியில்லை. ஆகவே நாம் படித்தோம். சில மாத மாலைப்பொழுதுகள் அதில் கழிந்தன, கழிந்ததற்கு வருந்தவில்லை.

முதலில் வருபவர் துய்புவா பாதிரியார். பிரெஞ்சு நாட்டவர். 1792இல் இந்தியா வந்து, 1823 வரை தென்னாட்டில் வாழ்ந்தவர். நம்மவர் போல் உடுத்தி, புலால் நீக்கி, மைசூர்ச் சீமையில் அம்மைக்கு ஊசி குத்தும் பணியிலும் ஈடுபட்டவர். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய கையெழுத்துப் படியைக் கம்பெனியார் விலைகொடுத்து வாங்கினர். 1816இல் இலண்டனில் அது நூலாயிற்று. நாட்டை ஆள வந்தவனுக்கு, ஆளப்படுபவனின் அடுக்களை வரை தெரிந்திருக்க வேண்டுமல்லவா! அதற்கு அகராதியாயிற்று இந்நூல். நெடுங்காலம் அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொண்டனர். ஆனால் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, நூலின் பெரும்பகுதி துய்புவாவின் சொந்தச் சரக்கன்று என்று மெய்ப்பித்தது. அவருக்கு முந்திய தலைமுறையில் புதுச்சேரியில் வாழ்ந்த கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியாரின் படியிலிருந்து எடுத்தாளப்பட்டது அது. நேரில் கண்ட சாட்சி என்று நீதிமன்றம் ஏறியவர், வேறொருவரின் வாக்குமூலத்தைத் தம் வாயால் சொல்லியிருக்கிறார்!

திருட்டைக்கூட மன்னிக்கலாம். பறையர் என்று ஒதுக்கப்பட்டோர் படும் பாட்டைத் தம் ஏட்டில் பதித்த அதே பாதிரியார், சாதிப் பாகுபாட்டை இந்நாட்டுச் சட்டம் வகுத்தோரின் தலைசிறந்த படைப்பு என்று புகழ்கிறார். அது இல்லையேல் இந்நாடு காட்டுமிராண்டி நிலைக்குச் சரிந்திருக்கும் என்கிறார். குழியில் கிடப்பவனைக் கண்டேன் என்கிறார். குழி வெட்டியவன் கெட்டிக்காரன் என்றும் சொல்கிறார். இந்தச் சான்றிதழைத்தான் நம்மவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தவர் ழக்கோலியோ. பாண்டிச்சேரியிலும் சந்திரநாகூரிலும் பிரெஞ்சு ஆட்சியின் நீதிபதியாக இருந்தவர். இவரிடம் நாம் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. 1869இல், கிறித்தவத்தின் வேரெல்லாம் இந்தியாவில்தான் என்று ஒரு நூல் எழுதினார். அவர் காட்டிய மூலங்கள் போலி என்று எடுத்துக்காட்டியவர், வேதங்களைப் போற்றிய மாக்ஸ் முல்லரே! பின்னர் எழுதிய நூலில், காசியில் கோவிந்தசாமி என்ற தென்னாட்டுப் பக்கிரியைச் சந்தித்ததாகவும், அவர் எதிரிலமர்ந்து, பப்பாளி விதையை இரண்டு மணி நேரத்தில் செடியாக்கிக் காட்டியதாகவும் வரைந்தார். நம் கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால், பந்தல் போட்டுக் கவாத்து வெட்டி மருந்தடித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பக்கிரியைக் கூலிக்கு அமர்த்திவிடலாம்!

ழக்கோலியோவின் பக்கங்களை அள்ளி 1877இல் தம் பெருநூலை நிரப்பியவர் பிளவட்ஸ்கி அம்மையார். 1879இல் பம்பாயில் கால் வைத்ததும், குகைகளிலும் காடுகளிலும் தாம் கண்ட அற்புதங்களை உருசிய நாட்டு ஏட்டுக்குத் தொடராக எழுதினார். நீலமலைக்கு வந்தார், தோதவருக்கு மாய ஆற்றலையும் குறும்பருக்குச் சூனியத்தையும் ஏற்றி இன்னொரு நூல் எழுதினார். எருமை மேய்த்துப் பாலும் நெய்யும் கண்ட மக்கள், காடு கொத்தித் தேன் எடுத்த மக்கள். அவர்களுடைய நோய் என்ன, நிலம் எங்கே போயிற்று என்ற கேள்வி எழவில்லை. அவர்களை மந்திரவாதிகளாக்கிவிட்டால் கேள்வியே இல்லையல்லவா? அம்மையாரின் அற்புதங்களை ஆராய வந்த ஹாட்ஜ்சன், அவை மோசடி என்று 1885இல் அறிக்கை தந்தார். அந்த அறிக்கையின் முறைபற்றிப் பின்னாளில் வழக்காடியோரும் உண்டு. அற்புதத்தை மறுமுறை செய்துகாட்டியவர்தாம் எவருமில்லை.

இங்கு வராமலே எழுதியோரும் உண்டு. கயிறு தானே வானில் எழும்ப, சிறுவன் அதில் ஏறி மறையும் இந்தியக் கயிற்று வித்தை உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம், 1890 ஆகஸ்டு 8ஆம் நாள் சிகாகோ டிரிபியூன் ஏடு வெளியிட்ட ஒரு கட்டுரை. நான்கு மாதம் கழித்து, அது கற்பனை என்று அந்த ஏடே ஒப்புக்கொண்டது. ஒப்புதலைப் படித்தவர் சிலர்; கயிற்றில் ஏறியவர் கோடி!

இந்த வரிசையில் எட்வர்டு கார்ப்பெண்டரை நிறுத்துவது அநீதி. அவர் வேறு வார்ப்பு. கேம்பிரிட்ஜில் படித்தவர், பொதுவுடைமை நாட்டம் கொண்டவர், கவிஞர். உழைப்பை இழிவென எண்ணாமல், தம் கையாலேயே செருப்புத் தைத்தவர். கல்லூரித் தோழரான பொன்னம்பலம் அருணாசலத்தின் அழைப்பில் 1890இல் இலங்கைக்கு வந்தார். குருணாகலில், இராமசாமி என்ற தமிழ் ஞானியாரிடம் பல நாள் அமர்ந்து பாடம் கேட்டார். ஞானியார் பேசியது தமிழ். அருணாசலம் அதை ஆங்கிலமாக்கினார். பின் இந்தியாவுக்கும் வந்து, 1892இல் நூல் வெளியிட்டார்.

நேர்மையாளர் என்பதற்கு நூலிலேயே சான்று உண்டு. மனத்தை அடக்கும் கலையில் தேர்ந்தவரென்று தாம் மதித்த ஞானியார், பூமியே நடுவில் நிற்கிறது, ஞாயிறுதான் அதைச் சுற்றுகிறது என்று நம்பியதையும் மறைக்காமல் எழுதினார். நம் மேடைப் பேச்சாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்! முக்காலமும் உணர்ந்தவருக்கு நம் ஆறாம் வகுப்புப் பையன் அறிந்தது தெரியவில்லை என்றால், அந்த ‘உணர்தல்’ எதை உணர்ந்தது?

ஆயினும் கார்ப்பெண்டரிடம் நமக்கு ஒரு வழக்கு உண்டு. சாதியையும் பொதுவுடைமையையும் ஒரே அத்தியாயத் தலைப்பில் இணைத்து எழுதினாரே, அதுதான். ஒரு சாதிக்குள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் பழக்கத்தில் அவர் தோழமையைக் கண்டார். உள்ளிருப்பவனுக்கு அது தோழமை; வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அது மதில். அவர் செருப்புத் தைத்தபோது இங்கிலாந்தில் அது கொள்கையாயிற்று, சிலர் வியந்தனர். நம் ஊரில் தோலைத் தொட்ட கை ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது. அந்தக் கைக்குக் கிணற்றில் நீர் இறைக்கவும் உரிமையில்லை. அந்தக் கையுடன் ஞானியாரின் திண்ணையில் அமர இங்கே எத்தனை பேருக்கு முடிந்திருக்கும்? தோல் வெள்ளையாக இருந்ததால் தோல் தொட்ட கை மன்னிக்கப்பட்டது. நல்லவரான கார்ப்பெண்டருக்கு இது தோன்றாமற் போனதுதான் நமக்கு வருத்தம்.

ஆண்டுகளைச் சற்று நினைவில் வையுங்கள், தோழர்களே! 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடியது தாது வருடப் பஞ்சம். மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகின்றனர். மதுரைச் சீமை வெந்தது. அந்த ஆண்டுகளில்தான் ஐரோப்பிய வரவேற்பறைகளில் பக்கிரிகளும் மகாத்மாக்களும் உலவினார்கள். இந்திய ஆத்மா மிதக்கிறது என்று அங்கே படித்தார்கள். இந்திய உடல் இங்கே சாலையோரம் கிடந்தது.

அந்தப் பஞ்சத்துக்குப் பின்தான், பழைய யோசனையொன்று உயிர்பெற்றது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்புவது. இங்கேதான் நம் பள்ளத்தாக்குக்கென்று ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல் கிடைக்கிறது. மேடையில் அதன் பெயர் சொல்லப்படவில்லை. 1899இல் சென்னை அரசாங்கம் அச்சிட்ட பெரியாற்றுத் திட்ட வரலாறு அது; எழுதியவர் ஏ.டி. மெக்கன்சி என்ற பொறியாளர். அதில் யோகியில்லை, பக்கிரியில்லை. காடு, காய்ச்சல், வெள்ளம், சுண்ணாம்பு, சுர்க்கி, வெடிமருந்து, கூலிக் கணக்கு. இலக்கிய நயம் தேடுவோர் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவார்கள். நாம் மூடவில்லை. ஏனெனில், இந்நாட்டைப் பற்றி அந்நூற்றாண்டில் வந்தவர்கள் எழுதிய ஏடுகளில், மனிதர் வேலை செய்வதை நாம் கண்ணாரக் கண்டது இதில்தான்.

1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் பணி தொடக்கம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். ஆண்டுகளைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த எட்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் சமவெளி ஊர்களிலிருந்தும் கூலிகள் மலையேறினார்கள். யானைக் காட்டில் குடிசை போட்டார்கள். கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினார்கள். ஒரு மைலுக்கும் மேல் பாறையைக் குடைந்தார்கள். மலைக்காய்ச்சல் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று. அணைக்கருகே காட்டுக்குள் கல்லறைகள் இன்றும் உண்டு.

மெக்கன்சி ஓரிடத்தில், நாட்டுச் சாராயத்தின் மருத்துவக் குணம் இல்லையேல் அணை முடிந்தே இராது என்ற கருத்தை எழுதுகிறார். ஆங்கிலத்தில் சாராயத்துக்கும் ‘ஸ்பிரிட்’ என்றே பெயர். ஆன்மாவுக்கும் அதே பெயர். இந்தியாவின் ‘ஸ்பிரிட்’டைத் தேடி வந்தவர்கள் இமயத்திலும் காசியிலும் தேடினார்கள். குளிரிலும் காய்ச்சலிலும் கல் சுமந்தவனுக்குக் கிடைத்த ‘ஸ்பிரிட்’ எது என்பதை எழுதிவைத்தவர் இந்தப் பொறியாளர்! சாராயத்துக்கு நாம் பரிந்து பேசவில்லை. மருந்தும் கம்பளியும் தரவேண்டிய இடத்தில் சாராயம் தந்த ஆட்சியின் கணக்கு அது; ஆனால் மறைக்காத கணக்கு.

குறையும் சொல்லிவிடுவோம். கூலிகள் இந்நூலில் எண்ணாக வருகிறார்கள், பெயராக வரவில்லை. பொறியாளர்களுக்குப் பெயர் உண்டு. தொழிலாளி, கூலியின் தொகையிலும் நோயாளிக் கணக்கிலும் கரைந்துவிடுகிறான். யோகியின் பெயரைக் கேட்டெழுதிய நூற்றாண்டு, கல் சுமந்தவனின் பெயரைக் கேட்கவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பிறர் முதுகில் தட்டிய தடியால் நம் முதுகிலும் ஒன்று போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

பென்னிகுயிக்கை அறியாதார் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை கடைகளில் அவர் படம். பிள்ளைகளுக்கு அவர் பெயர். அவர் பிறந்த சனவரி 15இல் பொங்கல். லோயர் கேம்ப்பில் 2013இல் அரசு திறந்த மணிமண்டபம். இருபோக நெல் விளையும் வயலில் நிற்பவனுக்கு நன்றி தோன்றுவது இயற்கை, தோன்றாவிட்டால்தான் இழுக்கு. ஆனால் நன்றி வேறு, நைவேத்தியம் வேறு! அவர் தம் சொத்தை விற்று, மனைவியின் நகையை விற்று அணை கட்டினார் என்ற கதை பாடம் போல் சொல்லப்படுகிறது. ஆவணங்கள் காட்டுவதோ அரசாங்கத் திட்டத்தை, அரசாங்கச் செலவை. அந்த அரசாங்கத்தின் பணம் யாருடைய வரி? கதையில் அவர் தியாகியாகி, அடுத்து சாமியாகிறார். கணக்குப் போட்டு, அளவெடுத்து, தவறு திருத்தி, மறுபடி கட்டிய பொறியாளர் எங்கே? அவரை நாமே கொன்றுவிட்டோம். வந்தவர்கள் நம்மைப் பக்கிரியாக்கினார்கள் என்று குறைப்பட்டோம். வந்தவரை நாம் சாமியாக்கினோம். இரண்டிலும் காணாமற் போனவன் ஒருவனே. அவன் தலையில் கல் இருந்தது.

“சார், பென்னிகுயிக் சாமிக்கு மந்திரம் தெரியுமா?” என்று ஒரு மாணவன் நம்மைக் கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. வகுப்பு சிரிக்கவுமில்லை. மந்திரம் தெரியாது, கணிதம் தெரியும் என்றோம். நீ வெறுக்கும் அதே கணிதம் என்றும் சேர்த்துக்கொண்டோம், அப்போதுதான் சிரித்தார்கள். பிறகு வீட்டுப்பாடமாக ஒன்று தந்தோம். உங்கள் குடும்பத்தில் அணை வேலைக்கு மலையேறியவர் உண்டா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பெயர் எழுதி வாருங்கள்.

நாற்பத்திரண்டு பேரில் ஆறு பேர் எழுதி வந்தார்கள். நான்கில் பெயர் இருந்தது. ஐந்தாவதில் ஊர் மட்டும். ஆறாவது தாளைக் கொடுத்தவள் ஊர்க்கோடித் தெருவிலிருந்து வரும் மாணவி. பாட்டியின் பூட்டனார் போனாராம், திரும்பவில்லையாம். பெயர் என்ன என்று கேட்டோம். “பாட்டிக்கும் தெரியல சார். மலைக்குப் போனவருன்னுதான் வீட்டில சொல்லுவாங்க” என்றாள். அப்படியே எழுதியிருந்தாள். அந்த ஆறு தாள்களையும் தைத்து வகுப்பறை அலமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்த வகுப்பிலும் கேட்போம்.